இடுப்பு பிடித்த நாலு வருஷம்: வாங்கியதும் ஒதுக்கியதும்

2021 தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு இடுப்பு பிடித்தது. கோட்டையூரில் வீட்டோடு சின்னதாகப் பலகாரத் தொழில் எங்களுக்கு. தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று ஆர்டருக்குச் செய்து கொடுப்போம். தீபாவளி மாதம் என்றால் காலை நாலு மணிக்குப் பற்றவைத்த அடுப்பு ராத்திரி பத்துக்குத்தான் அணையும். அன்றைக்கு 25 கிலோ அரிசி மூட்டையைக் குனிந்து பிடித்து, பிடித்த கையோடு பக்கவாட்டில் திரும்பினேன். அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தபடியே நின்றேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து இந்த வலிக்காக நான் வாங்காத சாமான் இல்லை. எது உழைத்தது, எது மூலையில் கிடக்கிறது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தரைப் படுக்கை. "ஏத்தா, மெத்தையில படுக்காத. கட்டாந்தரையில ரெண்டு நாள் அசையாமப் படு, தன்னால விட்டுரும்" என்றார்கள் அயித்தை. எங்கள் பக்கம் இதைச் சொல்லாத வீடு கிடையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கோரைப்பாயை விரித்துப் படுத்தேன். சித்திரை வெயிலுக்கு அந்தக் கல் சொர்க்கம். ஐப்பசி மழையில் அது முதுகுக்குள் ஏறுகிறது. இரண்டு நாள் என்றது ஆறு நாள் ஆனது. படுத்திருக்கும்போது வலி குறைந்த மாதிரி இருக்கும், எழுந்திருக்கும்போது உயிர் போகும். ஒவ்வொரு காலையும் முதல் நாளைவிட விறைப்பாக எழுந்தேன். தீபாவளி ஆர்டரில் பாதியைக் கொழுந்தியாள்தான் முடித்துக் கொடுத்தாள்.

அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள் இப்போது சென்னையில் பிசியோதெரபி படிக்கிறாள். அந்த ஆறு நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னமும் தலையில் அடித்துக்கொள்வாள். திடீரென்று பிடிக்கிற இடுப்பு வலி பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குறைந்துவிடுமாம். அந்த நாட்களில் தாங்குகிற அளவுக்கு நடமாடுகிறவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள், அசையாமல் கிடக்கிறவர்கள் இல்லை என்கிறாள். படுத்து எழ வேண்டியிருந்தால் மல்லாந்தபடி நேராக எழக்கூடாது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இது ஒன்றை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பாதிக் கண்ணீர் மிச்சம்.

அடுத்து ஒத்தடம். இதில் எனக்கு அனுபவம் அதிகம், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். கல்லுப்பை இரும்புச் சட்டியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். சூடு நன்றாகத்தான் ஏறும். ஆனால் பத்து நிமிஷத்தில் ஆறிவிடும், மறுபடி வறுக்க வேண்டும். வலிக்கிற ஆளே அடுப்படியில் நின்று உப்பு வறுத்தால் ஒத்தடம் கொடுத்ததற்கும் வலித்ததற்கும் சரியாகப் போய்விடும். நொச்சி இலையை வதக்கிக் கட்டியும் பார்த்தேன். வாசனைக்காகவே இன்னொரு தரம் செய்யலாம். இலைக்கும் உப்புக்கும் என் இடுப்பு ஒரு வித்தியாசமும் காட்டவில்லை, அதற்கு வேண்டியிருந்தது சூடுதான்.

அப்புறம் காரைக்குடியில் ரப்பர் வெந்நீர்ப் பை வாங்கினேன், இருநூற்றுச் சொச்சம். இந்த நாலு வருஷத்தில் காசுக்கு உழைத்த சாமான் என்றால் இதுதான், ஆனால் முதல் பையை நானே கெடுத்தேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். முட்ட நிரப்பினேன். ராத்திரி தண்ணீரைக் கொட்டாமல் மடித்து அடுப்புத் திண்டில் வைத்தேன். ஒன்றரை வருஷத்தில் கழுத்துப் பக்கம் வெடிப்பு விட்டு, ஒருநாள் படுத்திருக்கும்போதே சேலை நனைந்தது. நல்ல வேளை, தண்ணீர் பாதி ஆறியிருந்தது. இரண்டாவது பைக்கு மூன்று வருஷம் ஆகப் போகிறது, இன்னும் புதுசாக இருக்கிறது. கொதி அடங்கிய தண்ணீரை முக்கால் பைக்கும் குறைவாக ஊற்றி, மேலே இருக்கிற காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுத் திருகுவேன். துண்டில் சுற்றித்தான் முதுகில் வைப்பேன். வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, வாய் கீழே பார்க்க ஆணியில் தொங்கவிடுவேன்.

பையிலும் ஒரு வினை உண்டு. இரண்டாவது வருஷம் தினமும் காலையும் ராத்திரியும் ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டே கிடந்தேன், அது ஒரு சுகம். ஒருநாள் மகள் பார்த்துவிட்டு, "ஏம்மா, முதுகில் என்ன வலை போட்ட மாதிரி இருக்கு?" என்றாள். இடுப்பில் வைக்கிற இடத்தில் மீன்வலை விரித்தது போலப் பழுப்புக் கோடுகள். கொப்புளம் போடாத அளவுச் சூடுகூட ஒரே இடத்தில் மாதக்கணக்கில் பட்டால் தோல் இப்படி ஆகுமாம். நிறுத்தினால் மெல்ல மங்கும், விடாமல் போட்டால் தங்கிவிடும். எனக்கு மங்க எட்டு மாதம் பிடித்தது. இப்போது ஒரு தடவைக்கு பதினைந்து, இருபது நிமிஷம், அதுவும் வலிக்கிற நாளில் மட்டும்.

கரண்டில் சூடாகிற பட்டையும் ஒன்று வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவேனோ என்ற பயத்திலேயே தூக்கம் போனது. கொழுந்தியாளிடம் கொடுத்துவிட்டேன்.

தைலங்களைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அலமாரியில் ஒரு வரிசையே இருந்தது. மகள் சின்னப் பிள்ளையில் தேய்த்துவிட்டபோது எல்லாத் தைலமும் கேட்டது. அவள் விடுதிக்குப் போன பிறகு நானே கையை வளைத்துத் தேய்த்துக்கொண்டபோது எதுவும் கேட்கவில்லை. எரிகிற ரகக் களிம்பைப் பூசிய இடத்தின்மேல் வெந்நீர்ப் பையை மட்டும் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து, ஒரு வாரம் சேலை கட்டவே முடியவில்லை.

இடுப்பு பெல்ட் எழுநூறு ரூபாய். முதல் பத்து நாள் கடவுளாகத் தெரிந்தது. உள்ளே பட்டை வைத்துத் தைத்திருப்பதால் குனியவே விடாது. ஆனால் மே மாதத்தில், அடுப்படியில், அதைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குக் கோயில் கட்டலாம். வியர்க்குரு ஒரு பக்கம், ஒட்டுகிற பட்டையில் மாவும் பஞ்சும் அடைந்து பிடிமானம் போனது இன்னொரு பக்கம். ஐந்து மாதத்தில் பெல்ட் இல்லாமல் பால் வாங்கப் போகவே பயம் வந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த பெல்ட் வகைகளை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது. மகள் அதைக் காட்டியதும் கழற்றினேன். இப்போது அது அயித்தையின் டிரங்குப் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கிறது, அங்கே நன்றாக உழைக்கிறது.

மெத்தைக்கு வருகிறேன். பழைய இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்து தொட்டில் மாதிரி ஆகியிருந்தது. வெயிலில் போட்டுத் தட்டினால் நாலு நாள் எழும்பும், அப்புறம் பழைய கதை. தரையும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம் என்று 2022 தைப் பொங்கல் கழித்து நாலு அங்குலத் தென்னைநார் மெத்தை வாங்கினோம். கயிறு, நார் என்றால் எங்கள் மாவட்டத்தில் சிங்கம்புணரிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். அங்கிருந்து பெண் எடுத்த உறவுக்காரர் ஒருவர் வந்து, கையால் அமுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் மிகக் கெட்டியான ரகத்தை எடுக்கச் சொன்னார், விலையும் அதுதான் அதிகம். நல்ல வேளை எடுக்கவில்லை. ஸ்பெயினில் நாள்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரை இரண்டு வகை மெத்தையில் படுக்க வைத்துப் பார்த்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்திருந்தது. அயித்தையிடம் சொன்னேன். "அந்த ஊர்க்காரனுக்கு நம்ம கல்லுத் தரை கிடைக்கலையே" என்றார்கள். என் மெத்தை மூன்றாம் வருஷம் கால் பக்கம் லேசாக அமுங்கியது. மாதம் ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுகிறேன், ஓடுகிறது.

இடையில் ஒரு ஸ்கேன் எடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதிய தாளை ஆறு மாதம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். குனிந்தால் உடைந்துவிடும் என்ற நினைப்பு. வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் நூற்றுக்கு 60 பேருக்கு இதே பிதுக்கம் தெரியும் என்று பிறகுதான் தெரிந்தது. நரை மாதிரி அதுவும் ஒன்று. இதை அந்தத் தாளைக் கொடுத்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்காக எல்லா வலியையும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. மூத்திரம், மலம் போவதில் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போனாலோ, காலில் பலம் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வருகிற வலி, காரணமில்லாமல் எடை குறைவதோடு வருகிற வலி, வயதானவர்கள் விழுந்த பின் வருகிற வலி, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்கு வருகிற வலி, இவற்றுக்கும் வெந்நீர்ப் பை மருந்தில்லை.

சரி, கடைசியில் எதுதான் வேலை செய்தது என்றால், காசு கொடுத்து வாங்காதவைதான். மணையில் உட்கார்ந்து அச்சைப் பிழிவதை விட்டேன். இப்போது தொப்புள் உயர மேசையில் நின்று பிழிகிறேன், ஒரு காலைச் சின்னப் பலகைமேல் ஏற்றிக்கொண்டு. கால் மாற்றி மாற்றி வைத்தால் ஒரு மணி நேரம் தெரியாது. மூட்டை வந்ததும் ஐந்து கிலோ டப்பாக்களில் பிரித்துவிடுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு ஈடு தேன்குழல் எண்ணெயில் கிடக்கிற நேரத்தில் வளவை, அதாவது வீட்டு உள்முற்றத்தை, ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் என்ன நினைத்து இவ்வளவு நீளத்துக்குக் கட்டினார்களோ, என் இடுப்புக்குத் தோதாக இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டில் எங்களுடையது ஒரு பங்குதான், பக்கத்துப் பங்கு ஆச்சி வீடு. அவர்கள் பகுதியையும் சேர்த்துத்தான் சுற்று.

பயிற்சி மூன்றே மூன்று. கைகால் ஊன்றி முதுகைப் பூனை மாதிரி மெல்ல வளைத்து நிமிர்த்துவது. அதே நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றுவது. மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. மகள் முதலில் இரண்டாவதைச் செய்யச் சொன்னபோது எனக்கு ஐந்து விநாடி நிற்கவில்லை, கவிழ்ந்தேன். இப்போது பத்து எண்ணுகிறேன். நடுவில் போனில் வீடியோ பார்த்து நானாகக் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கிய நாட்களும் உண்டு. வலி இடுப்பை விட்டு இறங்கி கெண்டைக்கால்வரை போனது. காலில் இருக்கிற வலி முதுகுக்கு ஏறி வந்தால் அது நல்லதற்கு, முதுகில் இருப்பது காலுக்கு இறங்கினால் அந்த அசைவை நிறுத்து என்பது மகள் சொன்ன கணக்கு. அன்றே நிறுத்தினேன். அதே பயிற்சி என் கொழுந்தியாளுக்கு ஒத்துக்கொண்டது.

நடைதான் மிச்சம். ஊருணிக்கரையில் காலை அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். 2024-இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது, எல்லாரும் இடுப்பு வலி வந்து தேறியவர்கள். படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது, அந்த நடைப் பயிற்சி கொடுக்கப்படாதவர்களுக்கு 112 நாள். எனக்கும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான். முன்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிடித்தது, போன வருஷம் முழுவதும் இரண்டே முறை. வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வருகிறது, ஆனால் நாலு நாளில் போகிறது, அடுப்பு அணைவதில்லை.

இன்னும் ஜெயிக்க முடியாதது உட்கார்ந்த பயணம். மகளைப் பார்க்கப் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனால் ஏழு மணி நேரம் இருக்கையில் கிடக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, புதுக்கோட்டை தாண்டியதும் ஒருமுறை, திருச்சியில் ஒருமுறை, அரியலூர், விருத்தாசலம் என்று எழுந்து பெட்டிக்குள் நடப்பேன். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், "என்னம்மா, யாரையாவது தேடுறீங்களா?" என்று கேட்டார். அடுத்த மாதமும் போகிறேன், எழுந்து நடக்கத் தோதாக நடைபாதை ஓர இருக்கையாகவே பதிவு செய்தாயிற்று.