ஹேக்கத்தான் டீமா, லினக்ஸ் குரூப்பா?

ஹேக்கத்தான்னா டீமா சேர்ந்து ஒரே மூச்சுல ஏதாவது ஒன்ன உருவாக்குற டெக் போட்டி, லினக்ஸ் குரூப்னா லினக்ஸ்ங்கிற ஃப்ரீ ஓஎஸ் யூஸ் பண்றவங்க கூடிப் பேசுற இடம். ரெண்டுக்கும் டைம் இல்ல, எதுல சேரட்டும்னு ஜூனியர் பசங்க கேட்டுட்டே இருக்காங்க.

செலவு
ஹேக்கத்தான்: ஃபைனல் வெளியூர்னா ட்ரெயின், சாப்பாடு, தூக்கம் எல்லாம் போச்சு.
குரூப்: சென்னைல ஐஎல்யூஜிசி (சென்னை லினக்ஸ் யூசர்ஸ் குரூப்) மாதிரி இடம்னா பஸ் காசு போதும்.

ஆளுங்களோட பழக்கம்
ஹேக்கத்தான்: மத்திய அரசு நடத்துற ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்ல 6 பேர் டீம், ஒரு பொண்ணாவது இருக்கணும்னு ரூல், சாஃப்ட்வேர் ஃபைனல் 36 மணி நேரம், அதுக்குள்ள யாரு உழைக்கிற ஆளு, யாரு பிபிடி மட்டும் போடுற ஆளுன்னு தெரிஞ்சிடும், ஆனா ரிசல்ட் வந்ததும் வாட்ஸ்அப் குரூப் செத்துடும்.
குரூப்: மொத மீட்ல யாரும் பேச மாட்டாங்க (நீங்களும்தான்), விடாம போனா ஏதோ ஒரு அண்ணன் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து உங்க ஆர்ச் லினக்ஸ (லினக்ஸ்ல ஒரு வகை) பூட் ஆக வச்சிக் குடுப்பாரு.

பிளேஸ்மென்ட்தான் கவலைன்னா ஹேக்கத்தான். கூச்ச சுபாவம், காலேஜ் முடிஞ்சும் பேச ஆளு வேணும்னா குரூப்தான்.