மல்டிமீடியாவும் ஒரு மாற்றுப் பிளக்கும்: ஏழு வருடப் பாவனை அனுபவம்

என் பாடசாலைப் பையில் சோக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுப் பிளக் கிடக்கிறது. மடிகணினியின் பிளக் சதுரக் கால்; எங்கள் பழைய கட்டடத்தின் சுவரில் இருப்பது வட்டத் துளை. 2019-இல் முதன்முதலாக மல்டிமீடியாவை (கணினிப் படத்தைத் திரையில் விழுத்தும் புரொஜெக்டரைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) தூக்கிக்கொண்டு தரம் 10 வகுப்புக்குள் போன அன்று இது எனக்குத் தெரியாது. ஒரு பையன் அலுவலகத்துக்கு ஓடினான், அங்கே இல்லை. ஆய்வுகூடத்தில் இல்லை. கடைசியில் சிற்றுண்டிச்சாலையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலில் இருந்து கழற்றிக்கொண்டு வந்தான். நாற்பது நிமிடப் பாடவேளையில் பதினான்கு நிமிடம் போய்விட்டது. அன்று பின்னேரமே திருகோணமலை டவுனில் இறங்கி இந்தப் பிளக்கையும் ஐந்து மீற்றர் எக்ஸ்டென்சன் வயர் ஒன்றையும் வாங்கினேன். இத்தனை வருடத்தில் நான் வாங்கியவற்றில் காசுக்கு முழுப் பெறுமதி தந்தவை இந்த இரண்டும்தான்.

நான் விஞ்ஞான ஆசிரியை. வீடு உப்புவெளிப் பக்கம். பாடசாலை கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூர்க் கரையில். மூத்த ஆசிரியர்கள் ஒரு காலம் திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்ச் ஏறி வந்து போனவர்கள். நான் 2009-இல் திறந்த கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போய் வருகிற ஆள். மடிகணினி மடியில், அதற்கு மேல் குடை, மார்கழி மழையில் அதற்கும் மேல் ஒரு பொலித்தீன் பை.

2019-இலேயே எங்களுக்கு ஒரு நாள் செயலமர்வு நடந்தது. வளவாளர் காலையில் மூன்று வட்டங்கள் வரைந்து காட்டினார்: பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம். மூன்றும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் ஆசிரியர் நிற்க வேண்டும், மிஷ்ரா, கோலர் என்ற இரண்டு பேர் 2006-இல் சொன்னது இது என்றார். நல்ல விசயம். அப்புறம் பின்னேரம் மூன்றரை வரை ஒரே வட்டத்துக்குள்தான் சுற்றினோம். எழுத்தை இடப்பக்கத்திலிருந்து பறந்து வரச் செய்வது, படத்துக்கு நிழல் போடுவது, ஸ்லைட் மாறும்போது கைதட்டல் சத்தம் வைப்பது. சோற்றுப் பார்சல் நன்றாக இருந்தது. சான்றிதழும் தந்தார்கள்.

அந்தச் சான்றிதழின் சூட்டில் நான் செய்த முதல் பாடத்தில் முப்பத்திரண்டு ஸ்லைட். பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே தட்டி, பறக்கவிட்டேன். பிள்ளைகள் தலையை நிமிர்த்தவே இல்லை, பார்த்துப் பார்த்துக் கொப்பியில் எழுதினார்கள். “ரீச்சர், அடுத்ததுக்குப் போகாதீங்க, எழுதி முடியல்ல.” கரும்பலகையில் எழுதும்போது என் கை போகும் வேகத்துக்கு அவர்களும் வருவார்கள், இடையில் கேள்வி கேட்பார்கள். இதில் என் வேகத்துக்குக் கடிவாளமே இல்லை. என் இருபது வருடச் சேவையில் மோசமான பாடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

என்னைத் திருத்தியது எங்கள் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர். என்னைவிடப் பத்து வயது இளையவர். புதன்கிழமைகளில் பாடசாலை விட்டபின் முக்கால் மணித்தியாலம் நாலைந்து பேர் அவருடைய கணினி அறையில் உட்காரத் தொடங்கினோம். யாரும் சொல்லித் தொடங்கியதில்லை, பஸ் இரண்டேகாலுக்குத்தான். ஒவ்வொருவரும் அந்த வாரம் எடுத்த ஒரு பாடத்தைச் சொல்ல வேண்டும், சறுக்கியதையும் சேர்த்து. அவர் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: “அக்கா, கரண்ட் இல்லாட்டி இந்தப் பாடத்தை எப்படி எடுப்பீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.” அதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்த இடத்தில் கணினி வேண்டும், எந்த இடத்தில் அது சும்மா என்று தெரிய வரும். பலமுறை அந்தக் கேள்வியிலேயே பாடம் முடிந்து கணினியை மூடியிருக்கிறோம்.

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

ஏழு வருடமும் நிலைத்து நின்றது ஃபெட் உருவகப்படுத்தல்கள், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் பரிசோதனைகள். கார்ல் வீமன் 2001-இல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கியவர். அடுத்த வருடம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடக்கிய திட்டம் இது. இலவசம். எனக்கு அதைவிடப் பெரிய விசயம், ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கும். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் இணையம் இல்லாமலே ஓடும். டவரைத் தேடி ஜன்னலோரம் போய் நிற்க வேண்டியதில்லை.

தரம் 10 ஓட்ட மின்னியலில் இதை நான் பாவிக்கும் விதம் இப்படி. திரையில் ஒரு மின்கலம், ஒரு ஆளி, ஒரு மின்குமிழ். ஆளியை மூடுவதற்கு முன் கேட்பேன்: மின்குமிழுக்கு முன்னால் ஒரு அம்பியர்மானி, பின்னால் ஒன்று, எதில் வாசிப்புக் கூட? கை உயர்த்தச் சொல்லிக் கரும்பலகையில் எண்ணிக்கையை எழுதுவேன். ஒவ்வொரு வருடமும் முக்கால்வாசிப் பேர் பின்னால் இருப்பதில் குறையும் என்பார்கள். குமிழ் கரண்டைத் ‘தின்கிறது’ என்பதுதான் நியாயம். வீட்டில் பில் வருகிறதே, செலவாகாமல் எப்படி? ஆளியை மூடினால் சிறிய நீல உருண்டைகளாக இலத்திரன்கள் நகரும், குமிழுக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம், இரண்டு மானியிலும் ஒரே எண். அந்த நேரம் வகுப்பில் ஒரு சத்தம் எழும். அதற்காகத்தான் நான் மல்டிமீடியாவைச் சுமக்கிறேன். அந்த உருண்டைகளைச் சோக்கால் வரைந்து காட்டலாம், ஓட வைக்க முடியாது.

பையன்கள் அப்புறம் கேட்பது வேறு. குறுஞ்சுற்று ஆக்கினால் திரையில் நெருப்புப் பிடிக்கும். “ரீச்சர், ஒருக்கா எரிப்பமா?” கடைசி மூன்று நிமிடம் அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஆனால் திரையில் கம்பி ஒருபோதும் கழலாது. அடுத்த பாடவேளையில் உண்மையான மின்கலத்தையும் வயரையும் கொடுத்தால் பாதிக் குழுக்களுக்குக் குமிழ் எரியாது. முனையில் பச்சைக் களிம்பு, தாங்கியில் துரு. கடற்கரையில் இருக்கும் பாடசாலை இது. அரத்தாள் எடுத்துத் தேய்த்து, எரிய வைத்து, வாசிப்பு எடுப்பதற்குள் மணி அடித்துவிடும். அதுவும் பாடம்தான். அதை விட்டுவிட்டுத் திரையில் மட்டும் காட்டி முடித்த ஒரு வருடம், வினாத்தாளில் சுற்றைச் சரியாக வரைந்த பிள்ளைகளுக்குக் கையில் அம்பியர்மானியைத் தந்தால் எப்படித் தொடுப்பது என்று தெரியவில்லை.

இரண்டாவதாக நின்றது என் போனின் கமரா. எங்களிடம் நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றுதான், வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முன்பு வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்கள், “தெரியுதா?” என்றால் எல்லோரும் “ஓம்” என்பார்கள். பாதிப் பேர் பார்த்தது தங்கள் கண்ணிமை மயிரை என்பது எனக்குத் தெரியும். இப்போது வெங்காய உரிக்கு ஒரு சொட்டு அயடீன் விட்டு, பார்வை வில்லையின் மேல் போன் கமராவைப் பிடிக்கிறேன். கை நடுங்கினால் படம் கறுத்துவிடும்; பி.வி.சி. குழாய்த் துண்டொன்றை வளையமாக வெட்டி, போன் உறையில் ஒட்டிய பிறகு நடுக்கம் போனது. படம் எடுத்து மல்டிமீடியாவில் போட்டால் கலச்சுவர் செங்கல் மாதிரி வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் மஞ்சள் புள்ளியாகக் கரு. ஒரு பிள்ளை எழும்பிப் போய் விரலால் தொட்டு எண்ணினாள்.

மல்டிமீடியாவைப் பற்றி ஒரு குறை. எங்கள் வகுப்பறைக்கு அரைச்சுவர். காலையில் கடல் பக்கமிருந்து வரும் வெளிச்சத்துக்குத் திரையில் பேய் மாதிரி ஒரு நிழல்தான் தெரியும். என் இரட்டைப் பாடவேளையை இடைவேளைக்குப் பிறகு மாற்றித் தரச் சொல்லி நேரசூசி போடும் ஆசிரியரைக் கெஞ்சியிருக்கிறேன். திரை வாங்கக் காசில்லை. கோயில் திருவிழாவுக்குக் கட்டிய பனர் ஒன்றின் பின்பக்கம்தான் எங்கள் திரை. வெள்ளையாக, சுருக்கம் இல்லாமல் நன்றாகவே இருக்கிறது. காற்றடித்தால் மட்டும் இலத்திரன்கள் அலையடிக்கும். உப்புக் காற்றில் இணைப்பு வயரின் முனை மங்கி, நிறம் பச்சையாக மாறும்; பென்சில் அழிறப்பரால் துடைத்தால் ஒரு தவணைக்குத் தாங்கும்.

கொரோனாக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2020 மார்ச்சில் பாடசாலை மூடியதும் வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கும். இரவு ஒன்பதரைக்கு விடைத்தாள் படங்கள் வந்து குவியும், சரிந்தும் தலைகீழாகவும். சூமில் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறும், அதற்குள் பத்துப் பேர்கூட வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகினார்கள், நானும்தான். ஒக்டோபரில் திரும்பி வகுப்புக்குப் போனபோது அந்தக் காலத்தில் கற்ற ஒன்றே ஒன்று கையோடு வந்தது: மூன்று நிமிடக் குரல் பதிவு. டேட்டா அதிகம் தின்னாது, அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போதும் ஓடும். இன்றைக்கும் வராத பிள்ளைக்கு அன்றைய பாடத்தைக் குரலில்தான் அனுப்புகிறேன்.

2022-இல் மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. இளைய ஆசிரியரின் கேள்விக்கு அந்த வருடம் நாங்கள் தினமும் பதில் எழுதினோம். காகித விலையும் ஏறியது. அலகுப் பரீட்சைக்குத் தாள் அடிப்பது கனவானது. அப்போதுதான் பிளிக்கர்ஸ் அட்டைக்குப் போனேன். பிள்ளைக்கு ஒரு அட்டை, அதில் கறுப்புக் கட்டங்கள், நான்கு பக்கத்துக்கும் நான்கு விடை. தன் விடை மேலே வருமாறு தூக்கிப் பிடிக்க, நான் போனால் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தால் யார் என்ன சொன்னார் என்று வந்துவிடும். பிள்ளைகளிடம் போன் வேண்டாம், என்னிடம் ஒன்று போதும். அட்டையில் விடையைக் குறிக்கும் எழுத்து மிகச் சிறிது என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் திருப்பவும் முடியாது. நான் செய்த பிழை, அட்டை கிழியாமல் இருக்க லெமினேட் பண்ணியது. வெயில் பட்டு மினுங்கி, கமரா பாதியை வாசிக்கவில்லை. மறுபடி அடித்து, பழைய கொப்பி மட்டையில் ஒட்டினேன். விரலால் கட்டத்தை மறைக்கும் பிள்ளைகள் எப்போதும் இருவர் இருப்பார்கள்.

நிற்காதவை: கூகிள் படிவம் (பாதிக்கு மேல் பிள்ளைகளிடம் போன் இல்லை), அன்பளிப்பாக வந்த ஸ்மார்ட் போர்ட். அந்த போர்ட் இரண்டு தவணை நன்றாக ஓடியது. பிறகு பேனையை ஓரிடத்தில் வைத்தால் கோடு ஒரு சாண் தள்ளி விழுந்தது. திருத்த ஆள் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றார்கள், வரவில்லை. இப்போது அதன் மேல் இல்ல விளையாட்டுப் போட்டியின் புள்ளி அட்டவணை ஒட்டியிருக்கிறது.

எழுத்துருச் சண்டை தனிக் கதை. எங்கள் பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகி, மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். யூனிகோடுக்கு மாற ஒரு மாதம் விரல் வலித்தது. தட்டச்சு தெரிந்த மூத்தவர்கள் இன்னும் மாறவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். என்னைவிட மூன்று மடங்கு வேகம்.

சொற்கள்தான் கடைசி வில்லங்கம். யூடியூபில் தமிழ்நாட்டு விஞ்ஞானப் பாடங்கள் அருமையாக இருக்கின்றன, பிள்ளைகள் வீட்டில் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே செல், இங்கே கலம். அங்கே கார்பன் டை ஆக்சைடு, எங்களுக்குக் காபனீரொட்சைட்டு. செயற்கை நுண்ணறிவிடம் வினா கேட்டாலும் அந்தப் பக்கத்துச் சொல்லில்தான் பெரும்பாலும் எழுதித் தருகிறது. போன தவணை ஒரு பிள்ளை ஒரே விடையில் ஒட்சிசனையும் ஆக்சிஜனையும் இரண்டு வேறு வாயு என்று நினைத்துத் தனித்தனியாக எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வகுப்பின் பின்சுவரில் இரண்டு நிரல் போட்டு ஒரு தாள் ஒட்டினோம். அதை நிரப்புவது பிள்ளைகளின் வேலை. இப்போது மூன்றாவது தாளில் போய்க்கொண்டிருக்கிறது.

மல்டிமீடியாவின் விளக்கு இந்த மாதம் எச்சரிக்கை காட்டத் தொடங்கியிருக்கிறது. வெளிச்சம் குறைந்து, நீலம் சாம்பலாகத் தெரிகிறது. புது விளக்கின் விலையைக் கேட்டுப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், கூட்டம் அடுத்த மாதமாம். அதுவரை சிக்கன நிலையில் போட்டு, அரைச்சுவருக்கு மேல் இரண்டு கறுப்புச் சாரத்தைக் கட்டி ஓட்டுகிறோம். நேற்று இலத்திரன் பாடம். பின்வரிசைக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அத்தனை பேரும் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.