கோபன்ஹேகன் வினாத்தாள்: கடலூர் சிப்காட் ஷிப்டுக்கு ஒத்துவருமா?

வேலைச் சோர்வை (பர்ன்அவுட்) அளக்கப் பலரும் பயன்படுத்தும் மாஸ்லாக் வினாத்தாளுக்குக் காசு கட்டி உரிமம் வாங்கணும். அதே வேலைக்கு 2005-ல் வெளியான கோபன்ஹேகன் வினாத்தாள் இலவசம். 19 கேள்விகள்: சொந்தச் சோர்வுக்கு 6, வேலைக்கு 7, வாடிக்கையாளர் தொடர்புக்கு 6. ரசாயன ஆலையில் இயந்திரத்தோடு மட்டும் இருப்பவர்களுக்குக் கடைசி ஆறு தேவையில்லை.

ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என்று மதிப்பெண் போட்டு சராசரி எடுக்கணும். "வீட்டாரோடு இருக்கத் தெம்பு மிச்சமிருக்கா?" என்ற கேள்விக்கு மட்டும் மதிப்பெண்ணைத் திருப்பிப் போடணும். இதை மறந்தால் தெம்பாக இருப்பவருக்கும் சோர்வு மதிப்பெண் கூடிவிடும்.

மொழிபெயர்ப்பில்தான் பெரிய சிக்கல். "பர்ன்ட் அவுட்" என்பதை அப்படியே "எரிந்துபோனதாக உணர்கிறீர்களா" என்று எழுதினால், ஆலைத் தொழிலாளி தீக்காயத்தைத்தான் நினைப்பார். "வேலையால் ஆளே ஓய்ஞ்சு போயிட்டீங்களா" என்று கேளுங்கள், சட்டென்று புரியும்.

கூடவே 50 கேள்வி கொண்ட ஐபிஐபி (International Personality Item Pool) குணநல வினாத்தாளையும் கொடுக்கலாம், அதுவும் இலவசம். ஐந்து குணங்களுக்கும் தலா 10 கேள்வி. இதில் மனநிலை உறுதி குறைந்தவர்களுக்கு, அதாவது சின்ன விஷயத்துக்கும் பதறுகிறவர்களுக்கு, சோர்வு அதிகம் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அதற்காக "உன் குணம்தான் காரணம்" என்று தொழிலாளி தலையில் கட்டுவது அநியாயம். தொடர் நைட் ஷிப்டும் ஆள் பற்றாக்குறையும் யாரையும் ஓய்த்துவிடும்.

பெயர் எழுதச் சொல்லி மேலாளரே தாளை வாங்கினால் எல்லாரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் எழுதுவார்கள். பூட்டிய பெட்டி வையுங்கள். சி ஷிப்ட் முடிந்து காலை 6 மணிக்குக் கிளம்புகிறவரிடம் மட்டும் நீட்டாதீர்கள், அந்த நேரத்துத் தூக்கம்தான் பதிலாக வரும்.