பின்னணிக் கப்பல்களை அடையாளம் காண எந்த டிஸ்க்? ‘பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ புளூ-ரே

‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் ஓரமாக வந்துபோகும் கப்பல்களைத் தேடிப் பிடிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது 2013-ல் வந்த இந்த ஒற்றை டிஸ்க்தான். மூன்றாம் சீசன் முடிவையும் நான்காம் சீசன் தொடக்கத்தையும் ஒரே படமாக இணைத்திருக்கிறார்கள். இதற்காக இரண்டு சீசன் பெட்டிகளுக்குச் செலவழிக்க வேண்டாம்.

வுல்ஃப் 359 என்ற இடத்தில் நடந்த போரில் நொறுங்கிய கப்பல்கள் மிதக்கும் காட்சி ஒன்றே கொடுத்த காசுக்குப் போதும். 1990-ல் இந்த எஃபெக்ட்ஸ் வீடியோ டேப்பில் கோக்கப்பட்டவை. டிவிடியிலும் அந்தத் தரம்தான். கப்பல்கள் சாம்பல் திட்டுகளாகத் தெரியும். புளூ-ரேக்கு 35 மி.மீ. நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்து காட்சிகளைப் புதிதாகக் கோத்தார்கள். அன்று கேமரா முன் வைத்த மாடலையே, அதாவது கப்பலின் சிறு மாதிரியையே, இப்போது பார்க்க முடிகிறது.

பெயரைப் படித்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான கப்பல்களில் அது தெரியாது. நேசெல்களை, அதாவது என்ஜின் குழாய்களை, எண்ணுங்கள். ஒன்று என்றால் ஃப்ரீடம் வகை, மூன்று என்றால் நயாகரா, நான்கு என்றால் செயென். இரண்டு இருந்தால்தான் சிக்கல். கப்பலின் முன்பக்க வட்டத் தட்டின் மேல் இரண்டு, உடலுக்கு அடியில் ஒன்று என நீள உருளைகள் இருந்தால் அது நியூ ஆர்லியன்ஸ் வகை ‘கியூஷு’. அந்த உருளைகள் உண்மையில் ஹைலைட்டர் பேனாக்கள்! எல்லாமே அடிபட்ட கப்பல்கள் என்பதால் ஒரு நேசெல் பிய்ந்திருக்கலாம், புகைக்குப் பின்னால் மறைந்திருக்கலாம். ஒரே ஃப்ரேமை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

‘மெல்போர்ன்’ என்ற கப்பல் தனித் தலைவலி. இங்கே அது நெபுலா வகையின் சிறு மாதிரி. 1993-ல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் முதல் எபிசோடில் அதே பெயர் எக்செல்சியர் வகைக் கப்பலுக்குப் போய்விட்டது. இரண்டையும் தனித்தனியாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

டிவியில் மோஷன் ஸ்மூதிங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். முதலாவது இல்லாத ஃப்ரேமை உருவாக்கும், இரண்டாவது மெல்லிய விளிம்புகளை அழித்துவிடும். பிளேயரில் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தும் வசதி இருப்பது அவசியம். ஸ்ட்ரீமிங்கிலும் இதே மறுசீரமைப்புதான் வருகிறது. ஆனால் கம்ப்ரெஷனில் இருண்ட பகுதிகள் கட்டம் கட்டமாக உடைகின்றன. நமக்கு வேண்டியதோ அந்த இருட்டுக்குள்தான் இருக்கிறது.

அடுத்து இதே தொடரின் ‘யூனிஃபிகேஷன்’ கதைக்கான ஒற்றை டிஸ்க்கை வாங்கலாம். இதே மாடல்களில் சில அதன் பழைய கப்பல் கிடங்குக் காட்சியில் மறுபடி வருகின்றன.