தசையில் தந்துகி பார்க்க வாங்கிய இரண்டு ஸ்லைடுகள்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பல வருடமாகத் தந்துகியை, அதாவது உடலின் மிக மெல்லிய இரத்தக் குழாயை, கரும்பலகையில் வரைந்துதான் காட்டிக்கொண்டிருந்தேன், இந்த வருடம் நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்கவைத்தே தீருவது என்று ரெடிமேட் ஸ்லைடு விற்கும் ஒரு கடையில் ஆன்லைனில் இரண்டு வாங்கினேன். ஒன்று ஹெமடாக்ஸிலின், ஈயோசின் சாயம் ஏற்றிய வரித்தசையின் குறுக்குவெட்டு, 120 ரூபாய். இன்னொன்று, இரத்தக் குழாய்களுக்குள் சிவப்புச் சாயம் கலந்த ஜெலட்டினைச் செலுத்தி, அப்புறம் வெட்டிய தசை, 480 ரூபாய். இதை "இஞ்செக்டட் ஸ்லைடு" என்று சொல்லிக் கேட்டால்தான் கடையில் புரிகிறது.

120 ரூபாய் ஸ்லைடு முதலில் வந்தபோது லேபிளில் குறுக்குவெட்டு என்று இருந்தது, உள்ளே இருந்ததோ நீள்வெட்டு. போட்டோ எடுத்து அனுப்பியதும் மாற்றித் தந்தார்கள், ஆனால் பத்து நாள் போய்விட்டது.

மாற்றி வந்தது நல்ல ஸ்லைடுதான். ஆனால் அதில் தந்துகியைத் தேடிப் பிடிக்கவேண்டும். பிள்ளைகள் குழாய் மாதிரி ஏதோ தெரியும் என்று தேடுகிறார்கள், அப்படி எதுவும் தெரியாது. 40 எக்ஸ் லென்ஸ் போட்டு, வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டயாபிரத்தைக் கொஞ்சம் மூடி, தசை நார்கள் இரண்டு மூன்று சந்திக்கும் மூலையைப் பார்க்கவேண்டும். அங்கே ஒரு சின்ன வளையம், பக்கத்தில் ஊதா நிறத்தில் ஒரு உட்கரு, அதிர்ஷ்டம் இருந்தால் நடுவில் சிவப்பாக ஒரே ஒரு இரத்தச் சிவப்பணு. அந்த அணு 7, 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), குழாயும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில இடத்தில் வளைந்து நெளிந்துதான் போகமுடியும். ஒரு மாணவி, "மிஸ், ஒரு ஆள் மட்டும் போற சந்து மாதிரி இருக்கு" என்றாள். அதற்காகவே 120 ரூபாய் தகும். என்ன, நாரின் ஓரத்தில் இருக்கும் தசையின் உட்கருவையே தந்துகி என்று வரைந்துவிடுகிறார்கள், பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க ஆள் வேண்டும்.

480 ரூபாய் ஸ்லைடைப் பார்த்ததும் வகுப்பே அமைதியாகிவிட்டது. 10 எக்ஸ் லென்ஸே போதும். வெளிர் நிறத் தசை நார்களுக்கு இடையில் சிவப்பு இழைகள் நார்கள் போகும் திசையிலேயே நீளமாக ஓடுகின்றன, நடுநடுவே குறுக்கே கிளை விட்டு ஏணிப்படி போல ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. வெட்டு தடிமனாக இருப்பதால்தான் இந்த வலை முழுசாகத் தெரிகிறது, சாதாரண ஸ்லைடின் சில மைக்ரான் தடிமனில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆனால் அதே தடிமனால் ஒரே ஃபோகஸில் எல்லாம் தெளிவாக இருக்காது, நுண் திருகை மெதுவாக மேலும் கீழும் திருப்பிக்கொண்டே பார்க்கவேண்டும். அப்படித் திருப்பும்போது ஒரு இழை மறைந்து அடியிலிருந்து இன்னொன்று எழுந்து வருவது அவ்வளவு அழகு. டென்மார்க்கின் உடலியல் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக் இதே போலத் தவளை, கினிப் பன்றிகளின் இரத்தக் குழாய்களில் மையைச் செலுத்தி, ஓய்விலும் உழைப்பிலும் தசையில் எத்தனை தந்துகிகள் திறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தவர், தந்துகி ஆராய்ச்சிக்காகவே 1920இல் நோபல் பரிசு வாங்கினார். இந்த ஸ்லைடைப் பார்த்தபிறகு அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

குறை ஒன்று உண்டு. என்ன விலங்கு, எந்தத் தசை என்று லேபிளில் எழுதவே இல்லை. மெதுவாகச் சுருங்கும் சிவப்புத் தசையில் நாரைச் சுற்றித் தந்துகிகள் அதிகம், வெள்ளைத் தசையில் குறைவு, எந்தத் தசை என்று தெரிந்தால் அதையும் சேர்த்துச் சொல்லித்தரலாமே. இரண்டுக்கும் காசு இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு இஞ்செக்டட் ஸ்லைடை வாங்குங்கள். ஆர்டர் போடும் முன்பே தசையின் பெயரைக் கேட்டுவிடுங்கள். வந்ததும் மூடியுள்ள பெட்டியில் வையுங்கள், ஈயோசின் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும்.