மூன்று ஏக்கர் வயலும் க்னாட் தொகுப்பியும்

இரணைமடுக் குளத்தின் கீழ் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல். எந்த வாய்க்காலைத் திறந்தால் எந்த வரம்பு மூழ்கும் என்று கணக்கிட, பெரும்போகத்துக்கு முன் ஒரு நிரல் எழுதத் தொடங்கினேன். நிரல் மொழி ஏடா (Ada). எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி, ஜிசிசி (GCC) தொகுப்பிக் குடும்பத்தின் இலவச க்னாட் (GNAT). அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவாகி 1983இல் தரப்படுத்தப்பட்ட மொழி ஏடா. போர் விமானங்களிலும் ஓடுகிறது என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை. விமானம் என்றால் அவருக்கு இன்னமும் பதுங்குகுழிதான்.

வயலை 10 சென்ரிமீற்றர் கட்டங்களாகப் பிரித்தேன்: 1200க்கு 1200. ஓடவிட்டதும் ‘ஸ்டோரேஜ் எரர்’ என்ற நினைவகப் பிழை. ஒரு கட்டத்துக்கு 8 பைட் என்றால் மொத்தம் 1 கோடியே 15 இலட்சம் பைட். இந்தக் கட்டங்களின் அணியை நிரலின் ஒரு செயல்முறைக்குள் அறிவித்திருந்தேன்; அப்படி அறிவித்தால் அது ஸ்டாக் என்ற தற்காலிக நினைவகப் பகுதியில்தான் இடம்பிடிக்கும். என் லினக்ஸ் ஸ்டாக்கின் எல்லையோ 8 மெகாபைட். பட்டடை கொள்ளாத நெல்லைக் கொட்டியது நான், தொகுப்பியில் குறையில்லை. சி மொழியென்றால் நிரல் ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ என்ற ஒற்றை வரியோடு செத்திருக்கும். இங்கே விதிவிலக்கின் (நிரல் எழுப்பும் பிழையின்) பெயராவது கிடைத்தது. ஆனால் ‘ஸ்டாக் நிரம்பியது அல்லது தவறான நினைவக அணுகல்’ என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்வது எரிச்சல்தான்.

யூலிமிட் என்ற லினக்ஸ் ஆணையால் ஸ்டாக்கின் எல்லையை 64 மெகாபைட் ஆக்கினேன்; ஓடியது. அன்றிரவு மின்வெட்டு, மடிக்கணினியின் பற்றரியும் தீர்ந்தது. காலையில் முனையத்தை, அதாவது ஆணைகளைத் தட்டும் சாளரத்தை, திறந்தால் மறுபடியும் அதே பிழை. அந்த ஆணை அந்த முனையத்தோடு போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. விண்டோஸில், தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாக்கும் இணைப்பியிடம் ஸ்டாக்கின் அளவைச் சொல்லிவிட்டால் அது நிரலோடு கூடவே போகும். அந்த வசதியில் கொஞ்சம் பொறாமை.

பிறகு நிரலை வாய்க்காலுக்கு ஒரு டாஸ்க் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் பகுதி) என்று பிரித்தேன். முனையத்தின் எல்லை 64 ஆக இருந்தும் நிரல் விழுந்தது. டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக். அதை ‘ஸ்டோரேஜ் சைஸ்’ என்று டாஸ்க்கின் அறிவிப்பிலேயே எழுத வேண்டும். எழுதினேன், நிமிர்ந்தது. இதற்கு இரண்டு நாள் போயிற்று.

கடைசியில் அணியைச் செயல்முறையிலிருந்து தூக்கி, அதற்கு வெளியே, பொதியின் (ஏடா நிரலின் பகுதிகளைச் சேர்த்துக் கட்டும் அலகின்) மட்டத்தில் வைத்தேன். இப்போது அது ஸ்டாக்கைத் தொடுவதே இல்லை. பழைய 8 மெகாபைட்டே போதும். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

க்னாட்டுக்கு ஐந்தில் நான்கு. சிறுபோகத்துக்குக் கட்டத்தை 5 சென்ரிமீற்றர் ஆக்கப்போகிறேன். கட்டங்கள் நான்கு மடங்காகும். செலவு என்றால் புது பற்றரி மட்டும்தான்.