கணைய அழற்சி: முன்கூட்டியே ஆண்டிபயாடிக்கா, குடல்வழி உணவா?

கடுமையான கணைய அழற்சியில் குடல் சுவரின் காப்பு தளர்வதால், பாக்டீரியாக்களும் அவற்றின் செல்சுவர்த் துணுக்குகளும் கணையத்தை எட்டக்கூடும். கணையச் செல்களுக்குள் இருக்கும் நாட்1 என்னும் உணரி அத்துணுக்குகளை இனங்கண்டு அழற்சியைத் தூண்டுகிறது. 2012இல் வெளியான எலி ஆய்வில், நாட்1 இல்லாத எலிகளிடமும், ஆண்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்த எலிகளிடமும் பாதிப்பு தணிந்தே இருந்தது.

அப்படியானால் தொற்று வருமுன்பே ஆண்டிபயாடிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மனிதர்களிடம் அது அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பூஞ்சைத் தொற்றும் தலையெடுக்கும் அபாயம் வேறு உண்டு. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதைப் பரிந்துரைக்கவில்லை. தொற்று உறுதியானால் நிலைமை வேறு. அப்போது ஆண்டிபயாடிக் இன்றியமையாதது.

குடல்வழி உணவோ பாக்டீரியாவைக் கொல்வதில்லை, குடல் சுவரைப் பேணுகிறது. வாய்வழி உண்ண முடியாதவர்க்கு மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவது, ரத்தக் குழாயில் ஏற்றும் ஊட்டத்தைவிடத் தொற்றைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. என் தேர்வு இதுவே. ஆனால் அந்தக் குழாயில் 'நல்ல பாக்டீரியா'வையும் (புரோபயாடிக்) சேர்த்து அனுப்பலாம் என்ற ஆசை ஆபத்தானது: நெதர்லாந்தில் நடந்து 2008இல் வெளியான புரோபாட்ரியா ஆய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர்.